போலீஸ்காரரை நான் டிஜிட்டல் அரெஸ்ட் செய்தது

எங்கள் செக்‌ஷனின் சைபர் பாதுகாப்பு நோடல் ஆபீசராக என்னை நியமித்ததற்கு ஒரே காரணம், அந்த மீட்டிங் நடந்த அன்று நான் காஷுவல் லீவில் இருந்ததுதான். மத்திய அரசு அலுவலகங்களில் பொறுப்புகள் இப்படித்தான் பகிர்ந்தளிக்கப்படுகின்றன. வந்திருப்பவர்கள் எல்லாரும் ஒருமனதாக, வராதவரைத் தேர்ந்தெடுப்பார்கள். மறுநாள் போனபோது மேஜையில் ஆர்டர் காத்திருந்தது.

கணினிப் பாதுகாப்பு பற்றி அதுவரை எனக்கு இருந்த ஞானம் எளிமையானது. என் பாஸ்வேர்டைத் துண்டுத் தாளில் எழுதிக் கீபோர்டுக்கு அடியில் வைத்திருந்தேன். பக்கத்து சீட்காரரின் பாஸ்வேர்டும் அங்கேயேதான் இருந்தது, அவருக்கு ஞாபகமறதி. இந்த நிலையில் என்னை இரண்டு மணி நேரப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். ஏ.சி. ஹால், சமோசா, டீ, திரையில் கறுப்புத் தொப்பி போட்ட திருடன் படம், கடைசியில் பத்துக் கேள்விகள். பத்துக்கு எட்டு வாங்கினேன். பக்கத்தில் இருந்தவரைப் பார்த்து எழுதியது ஐந்து.

பயிற்சியிலிருந்து வீட்டுக்கு எடுத்து வந்தது ஒரு சான்றிதழும் பெரும் பயமும். அன்று மாலையே மகளின் லேப்டாப் கேமராவில் பிளாஸ்திரி ஒட்டினேன். வீட்டில் பணவிஷயம் பேசும்போது போனைத் துண்டில் சுற்றி அரிசி டப்பாவுக்குள் வைத்தேன். என் மனைவி திருநெல்வேலிக்காரி. டெல்லியில் இருபத்தாறு வருஷம் இருந்தும் பேச்சில் ஒரு எழுத்தும் மாறாதவள். "அரிசி டப்பாவுல போன வச்சா திருடனுக்குக் கேக்காதாக்கும்? உங்களுக்கு வந்த போன உங்களுக்கே கேக்கல, கொழுந்தன் மூணு தடவ அடிச்சிருக்காவ" என்றாள்.

பயந்தவன் தனியாகப் பயப்பட மாட்டான், கூட்டம் சேர்ப்பான். ஆர்.கே.புரத்தில் எங்கள் பிளாக்கிலும் அக்கம்பக்கத்திலுமாக நாற்பது தமிழ்க் குடும்பங்கள். எல்லாருக்கும் சேர்த்து ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு, அதற்கு நான்தான் அட்மின். கோயில் பிரசாதம், பழைய சோபா விற்பனை, தண்ணீர் லாரி வரும் நேரம் என்று நிம்மதியாக ஓடிக்கொண்டிருந்த குழு அது. அதில் தினமும் காலை ஏழு மணிக்கு ஓர் எச்சரிக்கை போட ஆரம்பித்தேன். யாரையும் நம்பாதீர்கள். எதையும் அழுத்தாதீர்கள். எதையும் அனுப்பாதீர்கள்.

அதோடு நின்றிருக்கலாம். பயிற்சியில் 'மாதிரித் தாக்குதல்' என்று ஒன்றைச் சொல்லியிருந்தார்கள். நாமே ஒரு போலி லிங்க்கை அனுப்பி, யார் அழுத்துகிறார்கள் என்று பார்த்து, அவர்களைத் தனியே அழைத்துப் பக்குவமாகச் சொல்லித்தர வேண்டும். நான் மகளுக்குத் தெரிந்த ஒரு பெண்ணைப் பிடித்து லிங்க் தயாரித்து, வேறொரு எண்ணிலிருந்து எல்லாருக்கும் அனுப்பினேன்: கோயிலில் சிறப்பு தரிசனப் பாஸ், முதலில் வருபவர்களுக்கு மட்டும். பதினோரு பேர் அழுத்தினார்கள். அந்தப் பதினோரு பெயரையும் வரிசை எண் போட்டுக் குழுவில் வெளியிட்டேன். 'பக்குவமாக', 'தனியே' என்ற இரண்டு சொற்களும் எப்படியோ எனக்கு மறந்துவிட்டன. மூன்றாவது பெயர் என் மனைவியுடையது. நடுநிலை தவறக் கூடாது அல்லவா? அந்த வாரம் முழுவதும் எங்கள் வீட்டில் காலை, மதியம், இரவு மூன்று வேளையும் உப்புமா.

இந்தச் சமயத்தில்தான் மகளுக்கு ஜெர்மனியில் மேற்படிப்புக்கு இடம் கிடைத்தது. விசா நேர்காணலுக்குத் தேதியும் கிடைத்துவிட்டது, ஜூன் நடுவில். அந்தத் தேதியை விட்டால் அடுத்தது டிசம்பரில். அப்போது படிப்பு தொடங்கி இரண்டு மாதம் ஆகியிருக்கும், இடம் போய்விடும். எல்லாம் இருந்தது, காலாவதியாகாத பாஸ்போர்ட் மட்டும் இல்லை. மே முதல் வாரம் விண்ணப்பித்தோம். போலீஸ் விசாரணை முடிந்தால் பாஸ்போர்ட் வந்துவிடும். விண்ணப்பத்தில் தொடர்பு எண்ணாக என் எண்ணைக் கொடுத்தேன். பெண் குழந்தையின் எண்ணைக் கண்டவர்களுக்கும் கொடுப்பதா? நோடல் ஆபீசர் வீட்டிலா?

ஒரு செவ்வாய்க்கிழமை மதிய உணவு நேரத்தில் போன் வந்தது. தெரியாத எண். டிபன் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு ஆறு பேர் உட்கார்ந்திருந்தோம். ஹரியானா வாடை அடிக்கும் இந்தியில் ஒரு குரல்.

"போலீஸ் தானாவிலிருந்து பேசுகிறேன். உங்கள் மகள் விஷயமாக ஒரு ஃபைல் வந்திருக்கிறது."

 அடுத்த நொடி பயிற்சித் திரை கண்முன் வந்தது. மோசடிக்காரன் போலீஸ் என்பான். பிள்ளைகளைச் சொல்லி மிரட்டுவான். 'டிஜிட்டல் அரெஸ்ட்' என்று கேமரா முன்னால் அசையாமல் உட்கார வைப்பான். போனை ஸ்பீக்கரில் போட்டு, மற்ற ஐந்து பேருக்கும் சைகை காட்டினேன். அவர்கள் சப்பாத்தியோடு நெருங்கி வந்தார்கள்.

"சரி, சொல்லுங்கள்."

"ஆதார் காப்பி, பத்தாம் வகுப்பு சர்டிபிகேட், எல்லாவற்றையும் இந்த நம்பருக்கு வாட்ஸ்அப் செய்து விடுங்கள், பாய் சாப்."

ஐந்து பேரும் என்னைப் பெருமையோடு பார்த்தார்கள். பாடப்புத்தகம் அப்படியே உயிரோடு வந்து பேசுகிறது. அவருடைய வாட்ஸ்அப் படத்தைப் பார்த்தேன்: பனித்துளியோடு ஒரு ரோஜாப்பூ, மேலே 'குட் மார்னிங்'. எந்தப் போலீஸ்காரர் ரோஜாப்பூ வைப்பார்?

"பாருங்கள்," என்றேன், என் மிகச் சிறந்த அலுவலக இந்தியில். "தங்கள் கோரிக்கையை உரிய படிவத்தில், இரண்டு நகல்களுடன், மேலதிகாரியின் மேலொப்பம் பெற்று, முறையான வழியாக அனுப்பி வைக்கவும்."

"என்ன?"

"அதுவரை உங்களை நான் டிஜிட்டல் அரெஸ்ட் செய்கிறேன். கேமராவை ஆன் செய்யுங்கள். அசையக் கூடாது. தண்ணீர் குடிக்க வேண்டுமென்றால் என்னிடம் அனுமதி கேட்க வேண்டும்."

 "அரே பாய், குடித்திருக்கிறீர்களா? நான் பாஸ்..." என்று அவர் தொடங்கியதுமே, "கைதி பேசக் கூடாது!" என்று ஓர் அதட்டல் போட்டு வைத்துவிட்டேன். செக்‌ஷனே கைதட்டியது. ஒருவர் தன் டப்பாவிலிருந்து எனக்கு இரண்டு குலாப் ஜாமூன் கொடுத்தார். நான் ஒன்றுதான் சாப்பிட்டேன். வீரனுக்கு அடக்கம் அழகு.

உடனே அந்த எண்ணைக் குழுவில் போட்டேன். 'போலி போலீஸ். பிளாக் செய்யவும். யார் என்ன சொன்னாலும் நம்பாதீர்கள்.' பத்து நிமிஷத்தில் முப்பத்தெட்டு கட்டை விரல்கள் உயர்ந்தன. என் சேவை வரலாற்றில் அவ்வளவு வேகமாக ஓர் உத்தரவு நிறைவேறியதில்லை.

சனிக்கிழமை காலை பதினொரு மணி. வெயில் பால்கனிக் கம்பியைச் சுட்டுக்கொண்டிருந்தது. அழைப்பு மணி அடித்தது. கதவைத் திறந்தால் காக்கி உடையில் ஒருவர், கையில் ஹெல்மெட்டும் டேப்லெட்டும், நெற்றியெல்லாம் வியர்வை. என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"என்னை அரெஸ்ட் செய்தது நீங்கள்தானே?" என்றார்.

குரலைக் கேட்டதும் தெரிந்துவிட்டது. ஆனாலும் என் வாய் என்ன சொன்னது தெரியுமா? "ஐ.டி. கார்டு?" அவர் கொடுத்தார். அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன். ரூபாய் நோட்டைப் பார்ப்பது மாதிரி. என்ன தெரியும் என்று எதிர்பார்த்தேனோ, எனக்கே விளங்கவில்லை.

உள்ளேயிருந்து மகள் வந்தாள். "அப்பா, பாஸ்போர்ட் வெரிஃபிகேஷனா?" அவரைப் பார்த்து, என்னைப் பார்த்து, விஷயம் புரிந்து, "சச்சி? நிஜமாவா? அன்னிக்கு ஆபீஸ்ல யாரையோ பிடிச்சேன்னு சொன்னீங்களே, இவரையா? அப்பா, ப்ளீஸ்!" என்று தலையில் கை வைத்துக்கொண்டாள்.

போலீஸ்காரர் சோபாவில் உட்கார்ந்தார். மனைவி மோர் கொண்டு வந்தாள். அவர் குடித்துவிட்டு, கோபத்தை ஒத்திப்போட்டவர் போலப் பேசினார். நான்கு நாளாக அழைத்திருக்கிறார். என் போனில் அவர் பிளாக். இந்தக் குவார்ட்டர்ஸில் வேறு இரண்டு பேருக்கு வீட்டு வேலையாள் விசாரணை இருந்தது, அவர்களும் எடுக்கவில்லை. இந்த ஃபைலுக்கு இன்றுதான் கடைசி நாள். பெண்ணைப் பார்த்தாயிற்று, காகிதம் பார்த்தாயிற்று. இனி இரண்டு அக்கம்பக்கத்தார் அடையாள அட்டையோடு வந்து, இவள் இங்கேதான் வசிக்கிறாள் என்று சொல்ல வேண்டும்.

"ஒரு மணிக்கு எனக்கு பந்தோபஸ்து டியூட்டி. பன்னிரண்டரைக்குக் கிளம்புவேன். ஆள் வரவில்லை என்றால், அக்கம்பக்கத்தார் உறுதி செய்யவில்லை என்று எழுதி அனுப்பிவிடுவேன். ஃபைல் திரும்பிப் போய் மறுபடி வர ஒன்றரை மாதம்."

ஒன்றரை மாதம் என்றால் விசாத் தேதி போச்சு. மகள் டேப்லெட்டைப் பார்த்தபடி கட்டை விரல் நகத்தைக் கடித்தாள். ஐந்து வயதில் விட்ட பழக்கம்.

"இரண்டு பேர்தானே? நாற்பது குடும்பம் இருக்கிறது" என்று குழுவில் செய்தி போட்டேன். 'அந்த எண் உண்மையான போலீஸ் எண்தான். அவர் என் வீட்டில் இருக்கிறார். இரண்டு பேர் ஆதாரோடு உடனே வரவும்.'

பதில்கள் வந்தன. ஒன்றுக்குக் கீழ் ஒன்றாக.

'சூப்பர் சார். இந்தத் தடவ ஏமாற மாட்டோம்.'

'டெஸ்ட் நல்லா இருக்கு. ஆனா போன தடவ இருந்த த்ரில் இல்ல.'

'ஆதாரோட வரணுமாமில்ல! லிஸ்ட்ல பன்னெண்டாவது பேரு யாருப்பா?'

சிரிக்கும் முகங்கள், கைதட்டல்கள். 'இது டெஸ்ட் இல்லை' என்று போட்டேன். 'அதத்தான் போன தடவையும் சொன்னீங்க' என்று வந்தது. உண்மைதான். அப்போது ஒருவர் 'இது உங்க டெஸ்டா?' என்று கேட்டதற்கு, நம்பகத்தன்மைக்காக 'இல்லை' என்று சொல்லியிருந்தேன். போலீஸ்காரரோடு செல்ஃபி எடுத்துப் போட்டேன். 'டீப்ஃபேக். போலீஸ்காரர் காது சரியா வரல' என்று ஒருவர் சிவப்பு வட்டம் போட்டுக் காட்டினார். அந்தக் காது உண்மையிலேயே கொஞ்சம் அப்படித்தான் இருந்தது.

"பெரிய குருவா ஆயிட்டியளே," என்றாள் மனைவி. "போனத் தூக்கிப் போட்டுட்டுக் காலால நடங்க. கதவத் தட்டுங்க."

எதிர்வீடு பூட்டியிருந்தது, கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போய்விட்டார்கள். கீழே ஓடினேன். தரைத்தளத்தில் வேறொரு அமைச்சகத்தில் வேலை பார்க்கும் தஞ்சாவூர்க்காரர். பட்டியலில் ஏழாவது பெயர். வலைக்கதவுக்கு உள்ளே நின்றபடி நான் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார்.

"சரி. நீங்க நீங்கதான்னு நான் எப்படித் தெரிஞ்சுக்கறது?"

"சார், நேர்ல நிக்கிறேன்!"

"முகத்தையே செஞ்சுடறான்னு நீங்கதானே சொன்னீங்க."

"அது திரையில சார். ஆளையே எப்படிச் செய்வான்?"

"அதெல்லாம் எனக்கென்ன தெரியும்? நீங்கதானே நோடல் ஆபீசர்." பிறகு கண்ணை மூடி யோசிப்பதுபோல் நடித்தார். "போன மாசம் எங்காத்துலேர்ந்து என்ன வாங்கிண்டு போனேள்?"

"குக்கர் காஸ்கெட்."

"திருப்பிக் குடுத்தேளா?"

"இல்ல."

"அப்ப நீங்கதான்." கதவின் கொக்கியை எடுக்கவில்லை. "வரேன். ஆனா ஒண்ணு. அந்தப் பதினோரு பேர் லிஸ்ட்ல என் பேர் இருக்கோன்னோ. அதுக்கு ஒரு கரிஜென்டம் போடணும். ஏழாவது பெயர் தவறுதலாகச் சேர்க்கப்பட்டதுன்னு."

"நீங்க அழுத்தினீங்களே சார்?"

"மணி பன்னெண்டு," என்றார், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து.

படிக்கட்டில் நின்றபடியே திருத்த அறிவிப்பைத் தட்டச்சு செய்து குழுவில் போட்டேன். அது திரையில் வந்ததும் கொக்கி விழுந்தது. மனிதர் சட்டையை மாட்டிக்கொண்டு, ஆதாரை எடுத்துக்கொண்டு, மாப்பிள்ளை அழைப்புக்குப் போகிறவர் போல மேலே ஏறினார்.

இன்னும் ஒருவர். எங்களுக்கு மேல் மாடியில் மத்திய அரசு மருத்துவமனையில் நர்ஸாக இருக்கும் ஒரு பெண், மதுரைப் பக்கம். பட்டியலில் முதல் பெயர், ஏனென்றால் அனுப்பிய பத்தாவது நொடியில் அழுத்தியிருந்தாள். அன்றிலிருந்து என்னைப் படியில் பார்த்தால் தலையை மட்டும் ஆட்டுவாள். நைட் டியூட்டி முடித்து வந்து தூங்க ஆயத்தமாக இருந்தாள். நான் மூச்சு வாங்கச் சொல்லி முடித்தேன்.

"போலீஸ்காரரு பேரு என்ன, பெல்ட்டு நம்பர் என்னண்ணே?"

பெல்ட் நம்பர் என்றால் போலீஸ்காரரின் அடையாள எண். இரண்டையும் ஐ.டி. கார்டில் பார்த்தது ஞாபகம் இருந்தது, சொன்னேன்.

"அஞ்சு நிமிசம்ணே," என்று கதவைச் சாத்திவிட்டாள்.

சாத்திய கதவுக்கு முன்னால் நின்ற அந்த ஐந்து நிமிஷம் இருக்கிறதே! தூங்கப் போய்விட்டாள் என்று முடிவு கட்டினேன். பழிவாங்குகிறாள் என்று நினைத்தேன். மகள் விமான நிலையத்துக்குப் பதிலாக டிசம்பர் பனியில் ஆர்.கே.புரம் பஸ் ஸ்டாப்பில் நிற்பதாகக் காட்சி வந்தது. அவளுக்கு வயது முப்பது, நாற்பது என்று ஏறிக்கொண்டே போனது. அவள் ஐம்பதைத் தொடும்போது கதவு திறந்தது.

நர்ஸ் சிரித்துக்கொண்டிருந்தாள். "ஸ்டேசனுக்குப் போன் போட்டேண்ணே. அவரு குடுத்த நம்பருக்கு இல்ல, போலீஸ் வெப்சைட்டுல இருக்குற லேண்ட்லைனுக்கு. இந்த நம்பருல இப்பிடி ஒரு ஆளு இருக்காரா, இன்னைக்கு எங்க ஏரியாவுக்குத்தேன் அனுப்பிருக்கீங்களான்னு கேட்டேன். எடுத்தவரு விழுந்து விழுந்து சிரிக்கிறாரு. 'அந்த மதராஸி அரெஸ்ட் பண்ணினவரா? ஆமா, எங்காளுதான், ஜாமீன்ல விட்டுருங்க'ங்கிறாரு."

ஆக, ஸ்டேஷன் முழுவதும் நான் பிரபலம்.

அவள் கையில் ஆதார் நகல் இருந்தது. கடைசி நான்கு எண்களைத் தவிர மற்றவை மறைக்கப்பட்ட நகல். அதன் குறுக்கே பேனாவால் எழுதியிருந்தாள்: 'கீழ்வீட்டுப் பெண்ணின் பாஸ்போர்ட் விசாரணைக்கு மட்டும்', தேதி, கையெழுத்து.

"இதெல்லாம் யாரு சொல்லிக் குடுத்தா?" என்று கேட்டேன், இறங்கும்போது. நான் சொல்லித்தரவில்லை என்பது எனக்குத் தெரியும்.

"யாரும் சொல்லலண்ணே. அன்னைக்கு லிஸ்ட்டுல பேரு வந்துச்சுல்ல, ரெண்டு நாளு ஒரே அசிங்கமாப் போச்சு. நீங்க காலைல காலைல நம்பாதே நம்பாதேன்னு போடுவீங்க. சரி, நம்பல. அப்புறம்? ஆஸ்பத்திரில ரத்தம் ஏத்துறப்ப பையில ஒட்டியிருக்குறத மட்டும் நம்ப மாட்டோம். கேஸ் சீட்டப் பாப்போம், பேசண்டப் பேரு கேப்போம், இன்னொரு சிஸ்டரக் கூப்பிட்டுப் பாக்கச் சொல்லுவோம். அதுக்குன்னு சந்தேகமா இருக்குன்னு ரத்தத்த ஏத்தாமலே விட்டா ஆளு போயிரும்ல? போன்லயும் அப்பிடித்தேன்னு தோணுச்சு. கூப்புடுறவங்கிட்டயே கேக்காம, அவன் எங்கேருந்து வாறேங்கிறானோ அங்க கேக்கணும்."

 ஐந்து நிமிஷம், ஒரு போன். செவ்வாய்க்கிழமை நான் செய்திருக்க வேண்டியது அவ்வளவுதான். இரண்டு மணி நேரப் பயிற்சியில் 'எப்படிச் சரிபார்ப்பது' என்று ஒரு பகுதி இருந்திருக்க வேண்டும். அந்த நேரத்தில் நான் இரண்டாவது சமோசாவுக்காக வெளியே போயிருந்தேன் என்று இப்போது உறுதியாக நம்புகிறேன்.

போலீஸ்காரர் நர்ஸின் தாளை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பதினோரு வருஷ சர்வீஸில் இப்படி ஒரு காகிதம் யாரும் கொடுத்ததில்லை," என்றார். பிறகு என்னைப் பார்த்து, "இந்த பெஹன்ஜியை அதிகாரி ஆக்கியிருக்கலாம்," என்றார். தஞ்சாவூர்க்காரர் பலமாகத் தலையாட்டினார்.

இரண்டு பேரையும் போட்டோ எடுத்தார், விவரங்களை ஏற்றினார், 'அனுப்பு' பொத்தானை அழுத்தினார். வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. எங்கள் குவார்ட்டர்ஸ் அந்தக் காலத்துக் கட்டடம், சுவர்கள் தடிமன். சிக்னல் உள்ளே வர வேண்டுமென்றால் விருந்தாளி மாதிரி வெளியே நின்று யோசிக்கும். மணி பன்னிரண்டு இருபத்தைந்து.

"மொட்டை மாடி!" என்றாள் மகள்.

ஆறு பேரும் படியேறி ஓடினோம். மே மாத வெயிலில் தரை தோசைக்கல். அவசரத்தில் நான் செருப்பு போடவில்லை. போலீஸ்காரர் டேப்லெட்டைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடிக்க, நாங்கள் தண்ணீர்த் தொட்டிகளுக்கு நடுவே அவர் பின்னாலேயே கூட்டமாக நகர்ந்தோம். இந்தப் பக்கம் ஒரு கோடு, அந்தப் பக்கம் இரண்டு கோடு. நான் கால் மாற்றிக் கால் மாற்றிக் குதித்துக்கொண்டிருந்தேன். "ஆடாதிய, சிக்னல் கலைஞ்சிரப் போவுது" என்றாள் மனைவி. ஏழாவது தொட்டியின் நிழலில் வட்டம் நின்று பச்சை டிக் வந்தது. மகள் போலீஸ்காரரின் கையைப் பிடித்துக் குலுக்கினாள், நர்ஸைக் கட்டிக்கொண்டாள். எனக்கு ஒரு முறைப்பு மட்டும் கிடைத்தது, அதுவும் பாதியிலேயே சிரிப்பாகிவிட்டது.

ஹெல்மெட்டை மாட்டும்போது போலீஸ்காரர் சொன்னார், "பாய் சாப், உங்கள் ஆட்கள் எல்லாரும் என்னை பிளாக் செய்திருக்கிறார்கள். எனக்கு இந்த பிளாக்கில் வேலை இருக்கிறது. என்னை விடுதலை செய்யுங்கள்."

குழுவில் எழுதிப் பயனில்லை என்று தெரியும். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, கழுத்தில் ஆபீஸ் ஐ.டி. கார்டோடு வீடு வீடாகப் போனேன். தனியாகப் போனால் யாரும் நம்ப மாட்டார்கள் என்று மகள் கூட வந்தாள். ஒவ்வொரு கதவிலும் அவள்தான் முதலில் பேசினாள். "ஆன்ட்டி, இவர் நிஜமாவே எங்க அப்பாதான். டெஸ்ட் இல்ல. நான் கேரண்டி." போலீஸ் ஸ்டேஷன் எண்ணை எப்படித் தேடிப் பார்ப்பது என்றும் காட்டிக் கொடுத்தாள். நான் பக்கத்தில் நின்று, பட்டியலில் இருந்த மீதிப் பேரிடம் மன்னிப்புக் கேட்டேன். ஏழாவது பெயருக்கு மட்டும் திருத்தம் எப்படி வந்தது என்று எல்லாரும் கேட்டார்கள். அது அரசு ரகசியம் என்றேன்.

பாஸ்போர்ட் எட்டாவது நாள் தபாலில் வந்தது. மகள் உறையைப் பிரித்து, தன் போட்டோவைப் பார்த்து, "சீ, எவ்வளவு மோசமா இருக்கு" என்றாள். நான் வாங்கிப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது. கடைசிப் பக்கத்தில் தகப்பனார் பெயர் என்று என் பெயர் அச்சாகியிருந்தது. முகவரி இந்த வீடு. இந்தப் புத்தகம் வர வேண்டும் என்று நான் ஓடிய ஓட்டத்தில், வந்தால் இவள் போய்விடுவாள் என்பதை ஒரு தடவைகூட யோசித்திருக்கவில்லை.

"என்ன அப்பா, வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சுப் பார்க்கலையா?" என்றாள்.

"பார்த்தாச்சு," என்றேன். "ஒரிஜினல்தான்."